குரங்கு வழக்கு நடந்த கோர்ட்

கேள்வி: மனிதன் குரங்கு இனத்திலிருந்து வந்தான் என்று பாடம் நடத்தியதற்காக அமெரிக்காவில் ஒரு வாத்தியார் மேல் கேஸ் போட்டார்களாமே, அந்தக் கோர்ட் கட்டடம் இன்னும் இருக்கிறதா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: ஜம்மென்று இருக்கிறது. டென்னசி மாநிலத்தில் ரே கவுன்ட்டி என்று ஒரு சின்ன மாவட்டம், அதன் தலைமை ஊர் டேட்டன். 1891-ல் கட்டிய செங்கல் கட்டடம், மேலே கோபுரம். விசாரணை நடந்த பெரிய ஹால் மாடியில்.

கேஸ் அந்த ஊருக்குத் தானாக வரவில்லை, வரவழைத்தார்கள். 1925-ல் அரசுப் பள்ளிகளில் பரிணாமம் நடத்தக் கூடாதென்று டென்னசியில் சட்டம் வந்தது. அதை எதிர்த்து வழக்காடத் தயாரான ஆசிரியர் வேண்டும் என்று ஒரு உரிமை அமைப்பு பேப்பரில் அறிவிப்புக் கொடுத்ததும், டேட்டனின் பெரிய மனிதர்கள் சிலர் மருந்துக்கடையில் உட்கார்ந்து பேசி, ஊருக்குப் பெயர் கிடைக்குமே என்று 24 வயது ஜான் ஸ்கோப்ஸைப் பிடித்துச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள். வியாபார மூளை!

ஜூலையில் விசாரணை. சிகாகோ வானொலி நேரடியாக ஒலிபரப்ப, கூட்டம் தாங்கவில்லை. வெயில் ஒரு பக்கம், மாடித்தளம் இடிந்துவிடுமோ என்ற பயம் மறுபக்கம். கடைசியில் நீதிபதி ரால்ஸ்டன் கோர்ட்டையே வெளியே புல்வெளிக்கு மாற்றிவிட்டார். அங்கே கட்டடச் சுவரில் 'பைபிளைப் படியுங்கள்' என்று பெரிய போர்டு. ஜூரிகள் (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) கண்ணில் படுகிற மாதிரி அது எதற்கு என்று ஸ்கோப்ஸின் வக்கீல் டாரோ சண்டை போட்டுக் கழற்ற வைத்தார். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் பிரையனையே சாட்சியாகக் கூப்பிட்டு பைபிளைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். இன்றைக்கும் எல்லோரும் பேசுவது அந்தக் காட்சியைத்தான். ஆனால் வேடிக்கை பாருங்கள், நீதிபதி மறுநாளே அந்தச் சாட்சியத்தைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார்.

ஜூரி எடுத்துக்கொண்டது 9 நிமிடம். குற்றவாளி என்றார்கள்; நீதிபதி 100 டாலர் அபராதம் போட்டார். 50 டாலருக்கு மேல் அபராதம் என்றால் ஜூரிதான் விதிக்க வேண்டும், நீதிபதி விதித்தது செல்லாது என்று 1927-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் மட்டும் 1967 வரை இருந்தது.

கட்டடம் 1976-ல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. கீழ்த்தளத்தில் அருங்காட்சியகமும் உண்டு. வெளியே பிரையனுக்கு 2005-லேயே சிலை வைத்துவிட்டார்கள். டாரோவுக்கு 2017-ல்தான் வந்தது, அதுவும் எதிர்ப்புக்கு நடுவில்.