ஹோட்டல் மிச்சம் அல்ல, முதலில் வைக்கோல்

மூன்று கறவை மாடுகள் இருக்கின்றன, கடைத் தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, ஹோட்டல் மிச்சம், மார்க்கெட் காய்கறிக் கழிவு, வயல் தழை இவற்றை வைத்தே சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பகுதி முடியும். ஆனால் நீங்கள் எழுதிய வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் வயல், அப்புறம் மார்க்கெட், கடைசியில்தான் ஹோட்டல்.

ஒரு மாட்டைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோய்விட்டுத்தான் இதைக் கற்றேன். எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். சில வருடங்களுக்கு முன், ஒரு கல்யாணத்தில் மீந்த சோற்றை இரண்டு குண்டான் கொண்டுவந்து கழுநீர்த் தொட்டியில் கொட்டினேன். எங்கள் செவலை ஆசையாகத் தின்றது. விடிகாலையில் பார்த்தால் வயிறு உப்பி, அசைபோடாமல் படுத்துக் கிடக்கிறது. சாணி தண்ணீராக, புளித்த வாடையோடு. கால்நடை மருத்துவர் சோடா உப்பு கொடுத்து, டிரிப் ஏற்றி, இரண்டு நாள் போராடித்தான் எழுப்பினார். சோறு மாட்டின் வயிற்றில் மளமளவென்று புளித்து லாக்டிக் அமிலமாகிவிடும், நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதில் செத்துப்போகும் என்று அவர்தான் சொன்னார். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பொங்கலை அள்ளி வைத்து மாட்டைப் பறிகொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மனசு வலிக்கிறது.

சரி, வைக்கோலுக்கு வருவோம். வெறும் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து, தார்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வையுங்கள். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா வைக்கோலின் கெட்டியான நாரை இளக்கும். புரதக் கணக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எடுத்தவுடன் போடாதீர்கள், நெடி போகும்வரை ஆறவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இது ஆகாது. கரைசல் வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது, குடித்தால் உயிர் போய்விடும்.

எங்கள் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் அதிகம், அதனால் மரவள்ளிக் கிழங்கில் மாவெடுத்த பிறகு மிஞ்சும் திப்பி மலிவு. ஆனால் அதில் இருப்பது மாவுச்சத்து. புரதம் மிகக் குறைவு. திப்பியை மட்டும் நம்பினால் பால் அதிகமாகாது. நான் உளுந்தம் பொட்டு, கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு சேர்த்துத்தான் வைக்கிறேன். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் சயனைடு விஷம் உண்டு. வெயிலில் நன்றாகக் காயவைத்தால் குறையும். சூபாபுல் மரத்தின் தழை நல்ல புரதம், ஆனாலும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தண்ணீரில் மிதந்து வளரும் சின்னச் செடியான அசோலாவைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். காய்ந்த அசோலாவில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருப்பது உண்மை, ஆனால் பச்சையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கோழிக்கும் கன்றுக்கும் அருமை. கறவை மாட்டுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ அசோலாவால் புண்ணாக்குச் செலவு பெரிதாகக் குறையாது.

மார்க்கெட் கழிவில் முட்டைக்கோஸ் இலையும் காலிஃபிளவர் தண்டும்தான் அதிகம் கிடைக்கும். ரப்பர் பேண்டு, பிளாஸ்டிக், நூல் எல்லாம் பொறுக்கிவிட்டு, ஒரு நாள் வாடவிட்டு, நறுக்கிய சோளத்தட்டோடு கலந்து டிரம்மில் அழுத்தி மூடிவிடுங்கள். ஒன்றரை மாதத்தில் புளித்துப் பதமாகி ஊறுபுல்லாகிவிடும் (சைலேஜ் என்பார்கள்). திறக்கும்போது இனிப்பும் புளிப்புமாக மணந்தால் சரி. பூஞ்சை படர்ந்த பகுதியைத் தூக்கி எறியுங்கள். பூஞ்சை விஷம் பால் வழியாக நம் பிள்ளைகளின் டம்ளருக்கு வந்துவிடும், புண்ணாக்குக்கும் இதேதான்.

ஹோட்டலில் சமைக்காததை மட்டும் கேட்டு வாங்குங்கள்: காய்த்தோல், கீரைத் தண்டு, வாழையிலை நறுக்கு. சோறும் குழம்பும் வேண்டாம். கறி, எலும்பு கலந்ததை மாட்டின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

எதை மாற்றினாலும் 10, 15 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முதல் தடவை 100 கிலோ வைக்கோல் மட்டும் போட்டுப் பாருங்கள். பழகிய பிறகு மாட்டுக்குத் தினம் 5 கிலோ என்றால் மூன்றுக்கும் ஒரு வாரம் வரும். முதல் வாரம் சாணியைத் தினமும் கவனியுங்கள். இளகினால் அளவைக் குறையுங்கள்.