வாசகர் கேள்வி-பதில்: ஔவையின் கையில் தடி எதற்கு?

இலக்கியத்திலும் ஊடகத்திலும் பெண்ணைக் காட்டும் விதம் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: பள்ளி ஆண்டுவிழாவில் அதியமான் - ஔவை நாடகம் போடுகிறோம். எட்டாம் வகுப்பு மாணவிக்கு நரைமுடி, வெள்ளைச் சேலை, கையில் தடி. நெல்லிக்கனியை வாங்கியதும் நாடகம் முடிந்துவிடுகிறது. இதை மாற்ற இலக்கியத்தில் இடம் உண்டா?
(ஆசிரியை, பென்னாகரம்)

தாராளமாக உண்டு. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவை வேறு. இருவருக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. திருமணத்தைத் தவிர்க்க முதுமையை வேண்டிப் பெற்றார் என்பது பிற்காலக் கதை. கே.பி. சுந்தராம்பாள் நடித்து 1953-ல் வந்த 'ஔவையார்' படம் அந்தத் தோற்றத்தை நம் கண்ணில் நிலைநிறுத்திவிட்டது. ஆனால் புறநானூறு 89-ஆம் பாட்டில் பகை மன்னன் அவரை எப்படி விளிக்கிறான் தெரியுமா? மை தீட்டிய கண்ணும் ஒளி வீசும் நெற்றியும் கொண்ட விறலியே (ஆடிப் பாடும் கலைஞரே) என்று. நரையும் இல்லை, தடியும் இல்லை.

சங்க ஔவையின் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. நாடகத்துக்கு மூன்று போதும். முதலில் புறநானூறு 87-ஆம் பாட்டு. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன், ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் எங்கள் தலைவன், அவனோடு போருக்கு வராதீர்கள் என்று பகைவரை எச்சரிக்கிறார். அடுத்து 95. இதுதான் நாடகத்தின் உயிர். ஔவை தூதுவராகத் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உங்கள் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, எங்களுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. மாணவிகள் வழக்கமாக இதைக் கோபமாகக் கத்திச் சொல்லிக் கெடுத்துவிடுவார்கள். முழுக்கப் பாராட்டும் குரலில் சொல்ல வேண்டும். கேட்டு முடித்த பிறகுதான் தொண்டைமானுக்கு உறைக்க வேண்டும். பீலி கட்டிய பளபளப்பான வேல் ஒன்று, முனை மழுங்கிய வேல் ஒன்று, இரண்டையும் மேடையில் வையுங்கள்.

கடைசியாக அதியமான் இறந்தபின் பாடிய 235. அது இருவரும் பகிர்ந்த கள்ளில் தொடங்கும். பள்ளி மேடையில் தயக்கமாக இருந்தால், சிறிது சோறு கிடைத்தாலும் பலரோடு பகிர்ந்து உண்பான் என்ற வரியிலிருந்து தொடங்கலாம். மூன்றையும் சேர்த்தால் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். நெல்லிக்கனிக் காட்சியும் இருக்கட்டும், ஆனால் கனி வாங்குவதோடு ஔவையின் வேலை முடிந்துவிடக் கூடாது. அரசவையில் மன்னனுக்கு எதிரே நின்று பேசிய பெண்ணை, கிழவியாக்கிய பிறகுதான் நம்மால் நிம்மதியாகக் கொண்டாட முடிகிறது. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

கேள்வி: எங்கள் பக்கத்து நடுகற்களில் வீரனோடு பெண் உருவம் இருந்தால் 'சதி' (உடன்கட்டை ஏறியவள்) என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாமா?
(கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி)

கூடாது. பெண் எங்கே இருக்கிறாள், கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கல்லின் மேல்பகுதியில் வீரனை வானுலகுக்கு அழைத்துச் செல்பவர்களும் அங்கே சாமரம் வீசுபவர்களும் தேவமகளிர். வீரனுக்குப் பக்கத்தில், வளையல் அணிந்த கையை முழங்கையில் மடக்கி உயர்த்தி நிற்பவள்தான் உடன்கட்டை ஏறியவளாகக் கொள்ளத் தக்கவள். அந்தக் கையில் எலுமிச்சம்பழமோ கலயமோ இருப்பதுண்டு. மக்கள் இதை மாஸ்திக்கல் என்பார்கள். வளையல் உடைக்கப்படாமல் இருப்பது அவள் சுமங்கலியாகவே போனாள் என்பதற்கான அடையாளம்.

காலை எட்டு மணிக்கு முன்போ மாலை வெயில் சாயும்போதோ போங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தேய்ந்த வளையல் கோடு தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ எண்ணெயோ பூசாதீர்கள். கல் கெட்டுவிடும், அடுத்து வருபவருக்கும் படிக்க முடியாமல் போகும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கல் வழிபாட்டில் இருந்தால் ஊராரிடம் கேட்டுவிட்டே தொடுங்கள்.

'விரும்பித் தீப்பாய்ந்தாள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கல்லை நட்டவர்கள் உயிரோடு இருந்தவர்கள். அவள் விருப்பம் கல்லில் இல்லை. கைம்பெண் வாழ்க்கை எப்படி இருந்தது என்று பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு புறநானூறு 246-ல் சொல்கிறார்: எள் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக்கல் மேல் படுக்கை. கணவன் இறந்தபின் தாமரைக் குளமும் தீயும் எனக்கு ஒன்றுதான் என்கிறார். தீயை மட்டும் புகழ்ந்துவிட்டு அந்தக் கற்படுக்கையை விட்டுவிட்டால் பாதிப் பாட்டைத்தான் படித்திருக்கிறோம்.

கேள்வி: ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் பெண்களைச் சேர்ப்பதற்கு 'பெண்களின் விரல்கள் இயல்பாகவே நுணுக்கமானவை' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். பாராட்டுதானே?
(வாசகர், ஓசூர்)

பாராட்டாகத்தான் தோன்றும், சம்பளத்தில் அடி விழும். 1981-ல் டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். சிறுவயதிலிருந்து தையல் முதலிய வீட்டு வேலைகளில் பழகிப் பழகி வந்த கைத்திறன் அது. பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் அது திறமைக் கணக்கில் வராது. திறமை இல்லாத வேலைக்கு உரிய கூலியே கிடைக்கும். நம் ஊர்ப் பூ மார்க்கெட்டில் மாலை கட்டும் ஆண்களைப் பாருங்கள். நகைப் பட்டறையில் பொடிக்கல் பதிப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் விரலை இயற்கையின் கொடை என்று யாரும் எழுதுவதில்லை, தொழில் தெரிந்தவர் என்கிறோம், அதற்குக் கூலியும் கேட்கிறார்கள்.

இப்படிச் செய்தி எழுதுபவர் நான்கைக் கேட்க வேண்டும். வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? பயிற்சி எத்தனை வாரம்? சூப்பர்வைசர்களிலும் இயந்திரம் பழுது பார்ப்பவர்களிலும் பெண்கள் எத்தனை பேர்? திருமணத்துக்குப் பிறகு எத்தனை பேர் வேலையில் நீடிக்கிறார்கள்?

கேள்வி: விளம்பரங்களில் இப்போது ஆண்களும் துணி துவைக்கிறார்களே, நிலைமை மாறிவிட்டதா?
(வாசகி, அரூர்)

விளம்பரத்தில் மாறியிருக்கிறது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். ஈடுபட்டவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர்தான்.

கேள்வி: டிவி சீரியலில் பெண்கள் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். எப்படிக் கணக்கெடுப்பது?
(பி.ஏ. மாணவி, பாலக்கோடு)

ஒரு சீரியல், தொடர்ந்து 12 எபிசோடு. எந்தத் தேதியிலிருந்து என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். உங்களுக்குக் கோபம் வரவைத்த எபிசோடுகளை மட்டும் பொறுக்கினால் முடிவு முன்பே எழுதப்பட்டுவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி. இடம் எது, பெண் கையால் செய்யும் வேலை என்ன, பேச்சு எதைப் பற்றி, கடைசி முடிவு யாருடையது என்று அட்டவணையில் நான்கு பத்திகள்.

இரண்டு பெண்கள் ஆணைப் பற்றி அல்லாமல் வேறொன்றைப் பேசுகிறார்களா என்று பார்க்கும் பெக்டெல் சோதனை 1985-லிருந்து இருக்கிறது. நம் சீரியல்கள் அதில் எளிதாகத் தேறிவிடும், மாமியாரும் மருமகளும் சொத்தைப் பற்றிப் பேசினாலே போதும். அதனால் நான்காவது பத்திதான் உங்களுக்கு முக்கியம்.

இடத்தையும் வேலையையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நாத்தனார் கல்யாணத்தைப் பேசினால், இடம் அலுவலகம், பேச்சு குடும்பம். முதல் இரண்டு எபிசோடுகளைத் தோழி ஒருவரும் தனியாகக் கணக்கெடுக்கட்டும். இருவருக்கும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே விதியைத் திருத்திவிட்டு மீதியைத் தொடருங்கள். பார்ப்பவர்கள் இதை நம்புகிறார்களா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்குப் பார்ப்பவர்களிடம் போய்த் தனியாகக் கேட்க வேண்டும்.