ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வலி மட்டும் இருக்கிறது

கேள்வி: என் வயது 26. ஒன்றரை ஆண்டுகளாகத் தொப்புளுக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே, ஓரிடத்தில் வலிக்கிறது. படுக்கையிலிருந்து எழும்போதும் இருமும்போதும் சுருக்கென்று கூடுகிறது. சாப்பாட்டுக்கோ மாதவிலக்குக்கோ இதனோடு தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எதிலும் குறையில்லை. முதலில் வாயு என்றார்கள்; இப்போது மன அழுத்தம் என்கிறார்கள். அரிதான நோய் ஏதேனும் இருக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'ஓரிடத்தில்' என்ற சொல்தான். குடல், இரைப்பை போன்ற உள்ளுறுப்புகளின் வலி பெரும்பாலும் இன்ன இடம் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி பரவலாக இருக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், நோயாளி உள்ளங்கையை விரித்து வயிற்றின் மேல் வைப்பார். ஒற்றை விரலால் தொட்டு 'இங்கே' என்று காட்டுகிறவருக்கு வலி வயிற்றுக்குள் இல்லாமல் வயிற்றுச் சுவரிலேயே இருக்கலாம்.

விலா எலும்புகளின் இடைவெளி வழியாக முன்பக்கம் வரும் நரம்புகள், நடுவயிற்றின் இருபுறமும் நெடுக இறங்கும் தசையின் வெளியோரத்தில் சட்டென்று திரும்பி, ஒரு சிறு துளை வழியாகத் தோலை வந்தடைகின்றன. அந்தத் துளையில் நரம்பு நெரிபட்டால், நாணய அளவு இடத்தில் மாதக்கணக்கில் வலி நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. வழக்கமான ஸ்கேனில் இது தெரிவதில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கார்னெட் என்ற அறுவை மருத்துவர் 1926-இல் விவரித்த முறை அது. மல்லாந்து படுத்திருக்கும்போது மருத்துவர் வலிக்கும் புள்ளியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையையும் தோள்களையும் சற்றே தூக்கச் சொல்வார். வயிற்றுத் தசை இறுகி உள்ளுறுப்புகளை மறைத்துவிடுவதால், உள்ளே இருக்கும் வலி குறைய வேண்டும். குறையாமலோ கூடியோ இருந்தால், கோளாறு சுவரில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே புள்ளியில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் வலி அடங்கினால், சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிறது. சிலருக்கு அந்த ஊசியே சிகிச்சையாகவும் ஆகிவிடுவதுண்டு. மன அழுத்தம் எந்த வலியையும் கூட்டக்கூடியதுதான். ஆனால் இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமல் பழியை மனத்தின் மேல் போடுவது அவசரம் என்பேன்.

அரிதான நோய் பற்றிக் கேட்டதால் பார்ஃபிரியாவையும் சொல்ல வேண்டும். உங்கள் வலி அந்த வகையாகத் தோன்றவில்லை. இந்தப் பரம்பரைக் கோளாறின் வலி இளம்பெண்களிடம், பலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில், அலையாகக் கிளம்பி மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வாட்டும். வாந்தி, மலச்சிக்கல், படபடப்பு, கைகால் பலவீனம் கூடவே வரலாம். நோயாளி துடித்தாலும் வயிறு தொடுவதற்கு மென்மையாகவே இருக்கும். பட்டினியும் சில மருந்துகளும் இதைத் தூண்டும். வெளிச்சத்தில் வைத்த சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறுவது நல்ல துப்பு. வலி இருக்கும்போதே சிறுநீரை எடுத்து, வெளிச்சம் படாமல் மூடி, அதில் போர்ஃபோபிலினோஜன் என்ற வேதிப்பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். வலி ஓய்ந்தபின் எடுத்தால் சிலரிடம் அது பிடிபடாமல் போகும்.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் மற்ற வாசகிகளுக்காக ஒன்று: மாதவிலக்கு தள்ளிப்போன நிலையில் அடிவயிற்று வலியோ மயக்கமோ வந்தாலும், ஒரு பக்கத்தில் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; கருக்குழாய்க் கருவோ சூலகம் முறுக்கிக்கொள்வதோ காரணமாக இருக்கலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும் அன்று, வலி மிகுந்திருக்கும் புள்ளியைப் பேனாவால் தோலில் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கைக் கோப்பை நீட்டுவதற்கு முன் அந்தக் குறியைக் காட்டுங்கள்.