சிங்கப்பூரில் பங்குனி மழையோடு வரும்

ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குடியேறி மூன்று மாதம் ஆகிறது, ஊரில் பங்குனிக் காலையில் கொல்லையில் காபியோடு உட்காரும் சுகம் இங்கே இல்லை, இந்த ஊருக்கு வசந்தமே கிடையாதா என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

உண்டு. நாட்காட்டியை விட்டுவிட்டு மழையைக் கவனியுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் சில வாரம் வறண்டு கிடந்து, பிறகு ஒரு பெருமழை கொட்டினால் சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். சில நாள்தான், அப்புறம் எல்லாம் தரையில் கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இன்னொரு முறை பூப்பதும் உண்டு.

புறா ஆர்க்கிட் இன்னும் அருமை. தூங்குமூஞ்சி மரக் கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும். மற்ற நாளில் வெறும் பச்சைக் குச்சிகள் மாதிரி இருக்கும். திடீர் மழையில் வெப்பம் சட்டென்று இறங்கினால் உறங்கிக் கிடந்த மொட்டு வளரத் தொடங்கி, ஏறக்குறைய ஒன்பதாம் நாள் காலையில் மலரும். ஒரே மழையில் நனைந்த செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூக்கும். பூ வெள்ளை, உதட்டில் மஞ்சள் தீற்றல், பக்கவாட்டில் பார்த்தால் பறக்கும் புறாவேதான். ஒரு நாளோடு வாடிவிடும். அதனால் பெருமழை பெய்த தேதியைக் குறித்துவைத்து, எட்டாம் நாளிலிருந்தே அண்ணாந்து பாருங்கள்.

உட்காருவதற்குப் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு, ஈடான இடம் இல்லை. 1859இல் தொடங்கியது, 2015 முதல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலம். காலை 5 மணிக்கே திறந்துவிடும், நுழைவு இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வடக்கு தெற்குப் பாதையில் நியூட்டன் வந்து, டௌன்டௌன் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிலையம். ஊர்க் கணக்கில் 6 மணிக்குப் போய்விடாதீர்கள், கும்மிருட்டாக இருக்கும். 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால் மார்ச்சில் சூரியன் உதிக்கவே 7 மணி தாண்டிவிடும். ஏழிலிருந்து எட்டரை வரைதான் நல்ல நேரம், அதற்குமேல் புழுக்கம். வார இறுதியில் ஓடுபவர்கள் கூட்டம். அமைதி வேண்டுமென்றால் வார நாளில் போங்கள். விடியுமுன் கூவுவது நம் ஊர்க் குயிலேதான், இங்கேயும் காக்கைக் கூட்டில்தான் முட்டையிடும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ என்கிற சூறைக்காற்று மழை பெரும்பாலும் விடியலுக்குமுன் அல்லது காலையில்தான் வரும். மேற்கே கறுத்து, காற்று திடீரென்று குளிர்ந்தால் மரத்தடியை விட்டு உடனே கூரைக்குள் போய்விடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

வீட்டு வாசலில் தோட்டம் போட ஆசையென்றால், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி காலியாக இருக்கவேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி கூடவே கூடாது, கீழே விழுந்தால் உயிர் போகும். மல்லிகைக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். தாழ்வாரத்தில் அது கிடைக்காமல் இலை மட்டும் தழைக்கும், பூவைப் பார்க்க முடியாது. நிழலுக்கு வெற்றிலையும் பாண்டான் இலையும் நன்றாக வரும். கறிவேப்பிலைக்குக் காலை வெயில் படும் இடம், ஓர் அடி ஆழத் தொட்டி, மண் இரண்டு பங்குக்கு மட்கிய உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. மணல் இல்லாவிட்டால் இந்த ஈரத்தில் வேர் அழுகிவிடும்.

கொசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தொட்டித் தட்டில் தேங்கும் நீர் எல்லோருக்கும் தெரியும். இறுகிப்போன மேல்மண்ணின் குழியில் நிற்கும் நீரைத்தான் பலர் கவனிப்பதில்லை. டெங்கிக் கொசுவுக்கு அதுவே போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம்தான். ஒன்றுவிட்டு ஒரு நாள் மண்ணைக் கிளறி, தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

காக்கைக்குச் சோறு வைக்கும் பழக்கம் இருந்தால் இங்கே நிறுத்த வேண்டியிருக்கும். 2020 முதல் காட்டுயிர்களுக்கு உணவிடுவது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

மண்ணில் கைவைத்தே ஆகவேண்டுமென்றால், தேசிய பூங்காக் கழகம் பூங்காக்களில் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்திகளை மூன்றாண்டுக்கு வாடகைக்கு விடுகிறது. கிடைக்கும்வரை உங்கள் வட்டாரத்துச் சமூகத் தோட்டத்துக்குக் காலை 8 மணி வாக்கில் போய்ப் பாருங்கள். யாராவது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள், அவரிடமே கேளுங்கள்.