கேள்வி – பதில்: கிட்டாரில் இங்கிலாந்து இசை

கேள்வி: கிளாசிக்கல் கிட்டார் என்று தேடினால் ஸ்பெயின் நாட்டு இசைதான் வந்து நிற்கிறது. இங்கிலாந்து இசையமைப்பாளர்களின் படைப்புகளாகவே அமைந்த ஆல்பம் உண்டா?
– வாசகி, கோவை

பதில்: உண்டு. ஜூலியன் ப்ரீம் வாசித்து 1973-ல் வெளிவந்த ‘செவன்டீஸ்’. தயங்காமல் கேளுங்கள்.

லண்டனில் பிறந்த ப்ரீம் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தபோது அங்கே கிட்டார் வகுப்பே கிடையாது. பியானோவும் செல்லோவும் படித்தார். அப்படிப்பட்ட நாட்டில் இசையமைப்பாளர்களைத் தேடிப் போய், கிட்டாருக்கென்று எழுத வைத்தவர் அவர். பெஞ்சமின் பிரிட்டன் 1963-ல் ‘நாக்டர்னல்’ எழுதியதும் அவருக்காகத்தான். இந்த ஆல்பத்தில் ரிச்சர்ட் ராட்னி பென்னட்டின் கான்செர்ட்டோ, அதாவது கிட்டாரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, இருக்கிறது. வில்லியம் வால்டனின் ‘ஃபைவ் பேகடெல்ஸ்’ என்ற ஐந்து சிறு துண்டுகளின் தொகுப்பு இருக்கிறது. வால்டன் அப்போது இத்தாலியின் இஸ்கியா தீவில் குடியிருந்தார். மூன்றாவது துண்டில் கியூபாவின் தாளம் துள்ளும்.

ஆனாலும் எனக்கு உயிர் ஆலன் ராஸ்தார்னின் ‘எலிஜி’தான். 1971-ல் அவர் காலமானபோது அது பாதியில் நின்றிருந்தது. முடித்து வைத்தவர் ப்ரீம். இன்னொருவர் விட்டுப்போன வேலையைத் தொடும்போது தன் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொள்ள எவருக்கும் ஆசை வரும். அவர் காட்டவில்லை, இசையைத் தொடக்கத்தின் நிதானத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார். ஹெட்போனில் கேளுங்கள். ஒரே சுரத்தைத் தந்தியின் நடுப்பக்கம் மீட்டும்போது குரல் உருண்டு குழைகிறது. பாலத்தை, அதாவது கிட்டாரின் உடலில் தந்திகளைக் கட்டியிருக்கும் மரத்துண்டை, ஒட்டி மீட்டும்போது உலோகம்போல் கூர்மையாகிறது. ஒரே கிட்டாரில் இத்தனை குரல்களைக் கொண்டுவந்தவரை நான் வேறு கேட்டதில்லை.

கேள்வி: கிட்டார் பழகுகிறேன். நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இங்கிலாந்து இசையமைப்பாளர் ஜான் டௌலண்ட், லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்துக்கு எழுதிய இசையை வாசிக்க ஆசை. அதற்கு லூட்தான் வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். மூன்றாம் தந்தியை மட்டும் ‘ஜி’யிலிருந்து அரைச் சுரம் இறக்கி ‘எஃப் ஷார்ப்’ ஆக்குங்கள். லூட்டின் முதல் ஆறு வரிசைத் தந்திகளுக்கிடையே இருக்கும் அதே இடைவெளிகள் உங்கள் கிட்டாருக்கும் வந்துவிடும். மூன்றாம் கட்டையில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் சுருதியும் லூட்டின் சுருதியாகும். இறக்கிய தந்தி சற்று நேரம் நிலைகொள்ளாது. வாசிக்கும் முன் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

டௌலண்டின் ‘மெலன்கலி காலியார்ட்’டில் தொடங்குங்கள். அவசரம் கேட்காத இசை. உள்குரல்களைப் பிடித்து நிறுத்த விரல் பழகும். கூடவே 1597-ல் டௌலண்ட் வெளியிட்ட ‘கம் ஹெவி ஸ்லீப்’ பாடலையும் கேட்டு வையுங்கள். மேலே சொன்ன ‘நாக்டர்னல்’ அந்தப் பாடலிலிருந்து பிறந்தது. வழக்கமாக மெட்டு முதலில் வரும், அதையே மாற்றி மாற்றி வாசிக்கும் மாறுபாடுகள் பின்னால் வரும். பிரிட்டன் தலைகீழாக்கினார்: எட்டு மாறுபாடுகளுக்குப் பிறகே டௌலண்டின் மெட்டு வருகிறது. மெட்டை முன்பே அறிந்திருந்தால், முதல் மாறுபாட்டிலேயே அதன் சாயல் உங்களுக்குப் பிடிபடும்.