கார் கேம் விளையாடி நீங்கள் தெரிந்துகொண்ட நிஜமான கார் தகவல் எது?

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், ரூஃப் கதையைத்தான் சொல்வேன்.

கிரான் டூரிஸ்மோ 4 என்ற கார் பந்தய கேம் வந்த புதிது. எங்கள் தெருமுனையில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கேம் கடை ஒன்று இருந்தது. கேமில் சேர்த்த கார்களை எல்லாம் சேமித்து வைக்கும் மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போவேன். கடைக் கார்டை நம்பினால் மறுநாள் என் கராஜ் இருக்காது, யாராவது ஒரு பொடியன் அதன் மேலேயே சேவ் பண்ணியிருப்பான். ஏறக்குறைய 700 கார்கள் உள்ள அந்த கேமில் போர்ஷேவைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லவே இல்லை. ஜெர்மன் கம்பெனிகள் வரிசையில் 'ரூஃப்' என்று கேள்விப்படாத ஒரு பெயர். உள்ளே போனால் அதே உருண்டை விளக்கு, அதே சரிந்த முதுகு. கேமில் வைக்க லைசென்ஸ் கிடைக்காததால் போர்ஷேவைப் பார்த்து வரைந்து, கற்பனையாக ஒரு பெயர் வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். நண்பர்களிடம் அடித்தும் சொல்லியிருக்கிறேன்.

அதில் பாதி சரி. 2000 வாக்கிலிருந்து 2016 முடியும் வரை போர்ஷே கார்களை கேமில் வைக்கும் உரிமையைத் தனியாகக் கையில் வைத்திருந்தது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதாவது நீட் ஃபார் ஸ்பீட் என்ற கார் கேமை வெளியிடும் ஆட்கள். மற்றவர்கள் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். 2011-ல் ஃபோர்ஸா 4 என்ற இன்னொரு கார் கேம்கூட போர்ஷே இல்லாமல்தான் வெளிவந்தது. அங்கேயும் ரூஃப்தான் கைகொடுத்தது.

மீதிப் பாதிதான் சுவாரசியம். ரூஃப் நிஜமான கம்பெனி. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில், ஃபாஃபென்ஹவுசன் என்ற சின்ன ஊரில் 1939-ல் தொடங்கிய பட்டறை. போர்ஷேயிடமிருந்து எண் பொறிக்காத வெற்று பாடியை வாங்கி, இன்ஜின் முதல் உள்வேலை வரை தாங்களே பூட்டி, தங்கள் சேசிஸ் நம்பரை அடிப்பார்கள். போர்ஷே நம்பர் WP0 என்று தொடங்கும், ரூஃப் நம்பர் W09 என்று. ஜெர்மன் அரசு ஏட்டில் அவர்கள் மெக்கானிக் அல்ல, தனி கார் உற்பத்தியாளர். கேம் கம்பெனிகளுக்கு அந்த ஏடு போதும். போர்ஷேவின் அனுமதி தேவையில்லை, ரூஃபிடம் பேசினால் முடிந்தது.

அவர்கள் காரும் சும்மா இல்லை. 1987-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை உலகின் வேகமான கார்களை ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் தடத்தில் கூட்டி ஓட்டிப் பார்த்தது. போர்ஷேவின் 959-உம் வந்திருந்தது. மணிக்கு 339 கிலோமீட்டர் தொட்டு எல்லோரையும் முந்தியது ரூஃப் சிடிஆர். மஞ்சள் பெயிண்டில் வந்ததால் 'யெல்லோபேர்ட்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 3.4 லிட்டர், இரட்டை டர்போ, 469 குதிரைத்திறன். காற்று தடைபடக் கூடாதென்று கதவுக்கு மேல் ஓடும் மழைநீர்க் காடியைக்கூடச் சீவி எடுத்துவிட்டார்கள். அதே காலத்து ஒரு போர்ஷே 911-ஐயும் சிடிஆரையும் பக்கத்தில் நிறுத்தினால் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள், சிடிஆரில் மொழுமொழுவென்று இருக்கும்.

கேமில் அந்த மஞ்சள் கார் என்னைப் படுத்திய பாடு! இன்ஜின் பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. திருப்பத்தில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்தால் (எங்களுக்குப் பெடல் ஏது, எல்லாம் பட்டன்தான்) எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் லேசாகி, கார் பம்பரமாகச் சுற்றும். வேகம் குறைத்துவிட்டு உள்ளே போய், திருப்பத்தின் நடுவில் பட்டனை விடாமல் லேசாக அழுத்தியபடியே வெளியே வர வேண்டும். இது பிடிபட எனக்கு ஒரு கோடை விடுமுறை ஆனது.

2017-ல் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் ஒருவழியாகப் போர்ஷே வந்தது. 911 ஜிடி3 ஆர்எஸ் எடுத்து நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் இறங்கினேன். இரண்டாவது திருப்பத்திலேயே பயந்து கையை எடுத்தேன். சுற்றிவிட்டது.