வாசகர் கேள்வி: ஒரே மதிப்பெண், வேறு வேறு ஆட்கள்

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக லெவன்சன் சைக்கோபதி கேள்வித்தாளைத் தமிழாக்கி, இங்குள்ள கல்லூரி மாணவர்களிடம் கொடுக்கப்போகிறேன். மொத்த மதிப்பெண்ணை வைத்து அதிகம், குறைவு என்று பிரித்தால் போதுமா?
- மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: போதாது. சைக்கோபதியை, அதாவது இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத குணத்தை அளக்க 1995-ல் வெளியான அந்தத் தாளில் 26 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (கொஞ்சமும் ஒப்பவில்லை) முதல் 4 (முழுக்க ஒப்புகிறேன்) வரை மதிப்பெண். 16 வாக்கியங்கள் முதன்மை வகைக்கு: தன்னலம், ஈரமில்லாத மனசு, அடுத்தவரை ஏய்ப்பது. மீதி 10 இரண்டாம் வகைக்கு: யோசிக்காமல் இறங்குவது, எதிலும் நிலைக்காதது, எரிந்து விழுவது. ஒருவர் 42+16, இன்னொருவர் 28+30 வாங்கினால் இருவருக்குமே 58தான். முன்னவர் கணக்குப் போட்டுக் காய் நகர்த்தும் ரகம். பின்னவருக்கு முன்கோபமும் அவசரமும்தான் பிரச்சினை. மொத்தத்தைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. தனித்தனியே கூட்டுங்கள்.

அதோடு பதற்றத்தை அளக்கும் தாள் ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். இந்த இரு வகைகளை மனநல மருத்துவர் கார்ப்மன் 1941-லேயே பிரித்துச் சொன்னார். முதன்மை வகையில் பதற்றம் குறைவு, இரண்டாம் வகையில் அதிகம் என்பதுதான் இன்றைக்கும் ஆய்வாளர்கள் முதலில் பார்க்கும் அடையாளம். பதற்றத்தை அளக்காமல் வகை பிரித்தால், வெறும் அவசரக்காரர்களைத்தான் இரண்டாம் வகை என்று எழுதி வைப்பீர்கள்.

பெரும்பாலும் சொதப்புவது தலைகீழ் வாக்கியங்களில், அதாவது 'ஒப்புகிறேன்' என்றால் சைக்கோபதி குறைவு என்று அர்த்தமாகும் வாக்கியங்களில். மொத்தம் 7 இருக்கின்றன. அவற்றுக்கு 5-லிருந்து விடையைக் கழித்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். தமிழில் 'ஏமாற்றுவது சரியில்லை' என்று எழுதி, எதிரே 'ஒப்பவில்லை' என்று கட்டம் போட்டால், இரண்டு 'இல்லை'க்கு நடுவே பையன்கள் குழம்பிப்போவார்கள். 'ஏமாற்றுவது தப்பு' என்று எழுதுங்கள். முதலில் நாலைந்து பேரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். வேறொருவரை விட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி மூலத்தோடு ஒப்பிடுவதும் அவசியம்.

படிக்காமலே எல்லாவற்றுக்கும் 4 போடுபவர்கள் இருப்பார்கள். தலைகீழ்க் கணக்குக்குப் பிறகும் அவர்களுக்கு 83 வரும். பெரிய ஆள் சிக்கிவிட்டார் என்று துள்ளாதீர்கள். அந்தத் தாளை ஒதுக்கிவிடுங்கள். பெயர், ரோல் நம்பர் வேண்டாம். நிரப்பிய தாளைப் பேராசிரியர் கையில் வாங்கினால் எல்லோரும் உத்தமர்களாகிவிடுவார்கள். மூடிய பெட்டி வையுங்கள்.

கேள்வி: என் தம்பி போனில் டெஸ்ட் எழுதினான். 'சைக்கோபாத்' என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
- வாசகி, ராயபுரம்

பதில்: தானே நிரப்பும் தாளை வைத்து யாரையும் அப்படிச் சொல்ல முடியாது. நிபுணர்கள் சைக்கோபதியை மதிப்பிடும் ஹேர் பட்டியல் என்பது வேறு: 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐ எல்லையாக வைக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் நேரில் பேசி, பழைய ஆவணங்களையும் புரட்டிப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். தம்பியால் வீட்டில் அடிதடி, பொருள் உடைப்பு என்று நிஜமாகவே தொல்லை இருந்தால், பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் போனிலும் பேசலாம். தொல்லை எதுவும் இல்லையென்றால் அந்த டெஸ்ட்டை மறந்துவிடுங்கள்.